சாவு வீட்டுக்குப் போகாத கெமா

எங்கள் கெமா சாவு வீட்டுக்குப் போவதில்லை என்று என் மகள் ஊருக்கே அறிவித்தபோது நான் குனோங் ராபாட்டில் ஒரு வீட்டு வாசலில் இரும்புக் கால் நட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யாரோ கடன் அட்டை விற்கிறார்கள் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

என் தொழில் கெமா வாடகைக்கு விடுவது. வெளியூர்க்காரர்கள் பந்தல் என்பார்கள். இரும்புக் கால்கள், மேலே இழுத்துக் கட்டும் கித்தான், உள்பக்கம் அலை அலையாய்த் தொங்கும் அலங்காரத் துணி, நாற்காலி, மேசை. பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களா, பெண்ணுக்கு நலங்கு வைக்கிறார்களா, வீட்டில் பெரியவர் போய்விட்டாரா, எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நேற்றுப் பிணம் கிடந்த வாசலில் நின்ற கெமாதான் இன்று மணப்பெண் தலைக்கு மேல் நிற்கும். ஈப்போவில் இந்தத் தொழில் செய்கிற எவனிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சத்தியமாய் இதுதான் நடப்பு. வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் கேட்க மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். கேட்காதது அவர்கள் மரியாதை, சொல்லாதது எங்கள் மரியாதை. இப்படியே தலைமுறையாய் ஓடிக்கொண்டிருந்தது.

என்னோடு வேலை செய்தவனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன், அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். உறவு ஒன்றும் கிடையாது. கோலா கங்சார் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த கதவில் பிறந்தவர்கள். தோட்டத்தை விற்று, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டதும் இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வந்தது. லாரி ஓட்டுவது அவன், கணக்குப் பேசுவது நான். கால் நடுவது இரண்டு பேரும். சாவு வீட்டிலிருந்து துணி திரும்பி வந்தால் என் வீட்டு வாசலில் வைத்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆளுக்கு ஒரு முனையாய்ப் பிடித்து உதறி மடிப்போம். "கழுவுனா போச்சு மச்சான்" என்பான். அத்தோடு அந்தத் துணி மறுபடியும் நல்ல காரியத்துக்கு ஆகிவிடும்.

முகநூலில் எங்கள் தொழிலுக்கு ஒரு பக்கம் ஆரம்பித்தது மகளின் யோசனை. ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், போனை வைத்துக்கொண்டு உலகத்தை ஆட்டி வைக்கிற வயது. பழைய வாடிக்கைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்களைத் தேடுவதில்லை, போனில் தேடுகிறார்கள். அங்கே நாங்கள் இல்லை. "இல்லாத கடையில யாருப்பா சாமான் வாங்குவா?" என்றாள். சரி, செய்துதான் பாரேன் என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

முதலில் வெறும் படங்கள் போட்டாள். யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு நாள் மச்சான் ஏணி மேல் நின்று மஞ்சள் துணியை மடித்து மடித்துக் கட்டுவதை அவனுக்குத் தெரியாமல் காணொளி எடுத்தாள். அவன் பாட்டுக்கு எதையோ பாடிக்கொண்டு கட்டுகிறான். நடுவில் கீழே பார்த்து, "என்னா பாக்குற? உன் கலியாணத்துக்கும் நான்தான் கட்டுவேன், மாப்பிள்ளைய மட்டும் நீ கொண்டா லா" என்கிறான். அவ்வளவுதான். எங்கிருந்து எங்கிருந்தோ ஆட்கள் பார்த்தார்கள். அவனுக்குக் கெமா மாமா என்று பெயரே வைத்துவிட்டார்கள். முதலாளி நான், எனக்கு ஒரு பெயரும் இல்லை. மனதுக்குள் கொஞ்சம் எரியத்தான் செய்தது, சொன்னால் என்ன.

கலியாண வீட்டுக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு பெண்மணி அந்தக் காணொளிக்குக் கீழே எழுதினார்: "அழகா இருக்கு. ஆனா சாவு வீட்டுக்கும் இதே கெமாதானே போடுவீங்க?" தலைமுறையாய் யாரும் கேட்காத கேள்வி. ஊரே பார்க்கிற இடத்தில், எழுத்தில், கேள்விக்குறியோடு நின்றது. என் மகள் எனக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை. அவளே பதில் எழுதிவிட்டாள்: "இல்லைங்க. எங்கள் கெமா மங்கள காரியங்களுக்கு மட்டுமே." அதோடு நிற்காமல் அதையே பக்கத்தின் தலையிலும் பெரிய எழுத்தில் போட்டு வைத்தாள்.

"யாரக் கேட்டு எழுதின?" என்று அன்று சோற்றுத் தட்டின் முன்னால் கத்தினேன்.

"பதில் சொல்லலன்னா ஆமான்னு அர்த்தம்பா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அழிச்சிடு."

"அழிச்சா இன்னும் மோசம். எதுக்கு அழிச்சாங்கன்னு கேப்பாங்க."

கூடவே சாப்பிட உட்கார்ந்திருந்த மச்சான் என் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே சிரித்தான். "விடு மச்சான். செத்தவனா வந்து லைக் போடப் போறான்? கலியாண வீட்டுக்காரந்தான் போடுவான்."

சொன்னால் சொன்னபடி நிற்க வேண்டும் என்று பிடிவாதமாய் முடிவு செய்தேன். எழுத்தில் இருப்பதைப் பொய்யாக்க எனக்குத் தைரியமும் இல்லை. சாவு வீடுகளுக்கு நாங்கள் அதிகம் போட்டு வந்தது ஒரு பழைய வெள்ளைக் கெமா. அதைப் புந்தோங்கில் இருக்கும் இன்னொரு கெமாக்காரருக்கு விற்றேன். ஒரு மூலையில் கிழிந்திருந்த இடத்தை மச்சான் நீல நூலால் தைத்திருந்தான். அவர் வந்து ஏற்றிக்கொண்டு போனபோது, எந்தக் கால் எதில் மாட்டும், எது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று மச்சான் லாரி வரைக்கும் கூடவே போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். மீதி இருந்தவை மஞ்சளும் சிவப்புமாய்ப் புதிதாய் வாங்கிய கலியாணக் கெமாக்கள்.

வேலை குவிந்தது, பொய் சொல்லக் கூடாது. தாப்பாவிலிருந்தும் கோலா கங்சாரிலிருந்தும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நீங்க சாவு வீட்டுக்குப் போடுறதில்லன்னு பாத்தோம்." என் பிழைப்பு முழுவதும் அந்த ஒற்றை வரியில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வரி அறுந்தால் மேலே இருக்கிற எல்லாம் தலையில் விழும்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் மடியில் இல்லை, போனில். பழைய நாட்களில் எத்தனை சாவு வீட்டில் கெமா போட்டிருப்போம்! அங்கே யாராவது படம் எடுத்திருப்பார்கள். அப்பாவின் நினைவு நாள் என்று ஒருவர் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டால்? பின்னால் எங்கள் லாரி நின்றால்? லாரிக் கதவில் என் நம்பர் தெரிந்தால்? தெரிந்தவர்கள் வீட்டுத் துக்கப் படங்களை விரலால் பெரிதாக்கி, இறந்தவர் முகத்தைப் பார்க்காமல் கெமாக் காலைப் பார்த்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிவப்பு விளக்கில் நின்றாலும் போனைப் பார்ப்பேன். பின்னால் இருப்பவன் ஹார்ன் அடித்துத் திட்டுவான்.

அதைவிடக் கஷ்டம், சாவு வீட்டிலிருந்து வரும் அழைப்பு. "அண்ணே, எங்க அப்பா போயிட்டாரு, எங்க அம்மாவுக்கும் நீங்கதான் போட்டீங்க" என்று அழுகிற குரலிடம், "இப்ப நாங்க அது செய்றதில்லைங்க" என்று சொல்லிப் புந்தோங்காரர் நம்பரைக் கொடுப்பேன். மச்சான் அப்படிப்பட்ட நேரத்தில் எழுந்து லாரிப் பக்கம் போய்விடுவான்.

ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் மச்சானின் மனைவி போன் செய்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னானாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்த நாளிலிருந்து பக்கத்துக் கதவில் இருந்தவன். முந்தின நாள் சாயங்காலம்தான் சனிக்கிழமை தாப்பாவில் நடக்கும் நலங்குக்கான கெமாவை இரண்டு பேரும் சேர்ந்து லாரியில் ஏற்றி வைத்தோம். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, நாளைக்குச் சீக்கிரம் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

நான் போய் நின்றபோது அவன் வீட்டு வாசலில் ஆட்கள் வெயிலில் நின்றார்கள். தாமான் குடியிருப்பில் சின்ன வீடு. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தத்தான் இடம் இருக்கும். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணே, கெமா எப்ப வரும்?"

கொண்டு வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டாள். "வருது தங்கச்சி" என்றேன். சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்து நின்று யோசித்தேன். லாரி என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஐந்து நிமிடத்தில் கொண்டுவரலாம். ஆனால் இவன் சாதாரண ஆள் இல்லை, கெமா மாமா. இவன் சாவைப் பார்க்க வருகிறவன் எல்லாம் போனோடுதான் வருவான். அவன் தலைக்கு மேல் எங்கள் மஞ்சள் துணி நின்றால், அதே துணியை நாளை மறுநாள் எந்தப் பெண்ணின் தாய் தன் வாசலில் ஏற்றுவாள்? நான் புந்தோங்காரருக்குப் போன் செய்தேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் வந்தார். கெமாவை இறக்கி விரித்தபோது மூலையில் நீல நூல் தெரிந்தது. எங்கள் பழைய வெள்ளைக் கெமாதான். மச்சான் தைத்த தையலுக்குக் கீழேயே மச்சானைக் கிடத்தப் போகிறோம். அதைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அப்பாடா, இது எங்களுடையது இல்லை, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கட்டும் என்ற நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி வந்ததே என்று எனக்கே என் மேல் அருவருப்பாய் இருந்தது.

மகள் எங்கள் முகநூல் பக்கத்தில் செய்தி போட்டாள். ஏணி மேல் நின்று அவன் சிரிக்கிற படத்தோடு, நாளை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்று எழுதினாள். எழுதும்போதே அழுதாள். வழக்கமாய் நான் அதைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பேன். அன்று போடு என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவ்வளவு பேர் வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. முகம் தெரியாதவர்கள் வந்தார்கள். கோலா கங்சாரில் நாங்கள் கெமா போட்ட கலியாணப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். எங்கள் வாடிக்கைக்காரர்களே இல்லாத இளவட்டங்கள் மாலையோடு வந்து, "காணொளி பாத்திருக்கோம் அங்கிள், சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போறோம்" என்றார்கள். வெள்ளைக் கெமா நிரம்பிவிட்டது. வாசலில் நின்றவர்கள் தெருவுக்குப் போனார்கள், தெருவில் நின்றவர்கள் சாக்கடை ஓரத்துக்குப் போனார்கள். அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. ஈப்போ மழைக்குச் சாவு வீடு, கலியாண வீடு தெரியாது.

முதல் துளி விழுந்ததும் கூட்டம் கலைந்து பக்கத்து வீட்டுத் தாழ்வாரங்களில் ஒண்டியது. வயதானவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார்கள். வெள்ளைக் கெமாவில் பிணத்தை வைத்துச் சடங்கு செய்யத்தான் இடம் இருந்தது. உள்ளே ஐயர் சொம்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் குழந்தையின் தலைமேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள். எங்கள் கெமாவுக்குக் கீழே தாலி ஏறிய பெண், எங்கள் ஆள் சாவில் நனைகிறாள். நான் என்ன மனிதன் என்று தோன்றியது. என் கால் தானாகவே என் வீட்டுப் பக்கம் நடந்தது.

லாரியைக் கொண்டுவந்து, பின்பக்கம் வாசலைப் பார்க்க நிறுத்தினேன். மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, அது நாளைக்குத் தாப்பாவுக்கு."

"தெரியும்."

"எல்லார் கையிலயும் போன் இருக்குப்பா."

"தெரியும்மா. இந்தக் காலப் பிடி."

புந்தோங்காரர் ஒரு காலைப் பிடித்தார். மாலையோடு வந்த பையன்கள் நாலு பேர் சட்டை நனைய ஓடி வந்து, தலைகீழாய் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே திருப்பி மாட்டினேன். அந்த வேலை மச்சானுடையது. அவன் இருந்திருந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் ஏற்றியிருப்பான். எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் வெள்ளைக் கெமாவை ஒட்டி மஞ்சளும் சிவப்புமாய் அது எழுந்து நின்றது. ஜனங்கள் கீழே வந்து நின்றார்கள். போன்கள் மேலே எழுந்தன.

வெளியே வந்த மச்சானின் மனைவி அண்ணாந்து பார்த்தாள். "இது கலியாணக் கெமாண்ணே" என்றாள்.

"ஆமா தங்கச்சி."

"அவரு கட்டினதுதானே?"

"அவந்தான் மடிச்சு ஏத்தி வெச்சான். புதன்கெழம."

அவள் தலையை ஆட்டிவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் லாரிக்குப் பின்னால் போனேன். தாப்பாக்காரர் மலைக்குப் பேருந்து ஓட்டுகிறவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். அவர் பெண்ணின் நலங்கு மறுநாள். அவரே போனில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். நம்பரை அழுத்த விரல் வரவில்லை. திட்டுவார், வேண்டாம் என்பார். அந்த ஒருவரோடு நிற்காது. வரிசையாய் எல்லோரும் கூப்பிடுவார்கள். இத்தனை மாதம் காத்து வைத்திருந்த வரியை என் கையாலேயே அறுத்துவிட்டேன்.

"அண்ணே, நாளைக்கு உங்க வீட்டுக்கு வெச்சிருந்த கெமா..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேன்" என்றார். "இப்பத்தான் எம் மக போன்ல அனுப்பினா."

என் போன் முந்திக்கொள்ளவில்லை. படம் முந்திக்கொண்டது. அவர் பக்கம் பேருந்து இஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நனைந்துகொண்டே நின்றேன்.

"அந்தப் பாடுற ஆளா?"

"ஆமாண்ணே."

"கெசியான் லா, பாவம். நல்லா இருந்தாரே." பிறகு பேருந்து இஞ்சினை அணைத்தார். "சரி. கழுவிக் கொண்டாங்க."

"என்னங்கண்ணே?"

"கழுவிக் கொண்டாங்கன்னேன். காலையில நேரத்தோட வந்துருங்க, கோலம் போடணும்" என்று வைத்துவிட்டார்.

லாரிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன். அதுவரைக்கும் நான் மச்சானுக்காக அழவே இல்லை.

எல்லோரும் அவரைப் போல இல்லை. முகநூல் பக்கத்தில் ஒருத்தர், "பேச்சு ஒன்று, செயல் ஒன்று" என்று எழுதினார். பின்னால் வாடிக்கைக்காரர்கள் சிலர் மெதுவாகக் கழன்றுகொண்டார்கள், காரணம் சொல்லாமல். என்ன பதில் எழுதுவது என்று மகள் கேட்டாள், எழுதாதே என்றேன். பக்கத்தின் தலையிலிருந்த வரியை அவளே எடுத்துவிட்டாள். இப்போது சாவு வீட்டுக்காரர்களும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. போன் அதிர்ந்தால் இன்றைக்கும் கால் நடுவதை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்க்கிறேன்.

அதெல்லாம் பிறகு. அன்று மின்சுடலையிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மஞ்சள் துணிகளை என் வீட்டு வாசலில் இறக்கினேன். மகள் வாளியில் மஞ்சள் கரைத்துக் கொடுத்தாள். மழை விட்டிருந்தது. தேய்த்துக் கழுவினேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், தெளித்ததற்கு மேல் மறுபடியும் தெளித்தேன். பிறகு வழக்கம் போல் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

"மச்சான், அந்த முனையப் பிடி."

துணி தரையிலேயே கிடந்தது. வாளியை வைத்துவிட்டு மகள் ஓடிவந்து மறுமுனையை எடுத்தாள். அவளுக்கு எந்தப் பக்கம் உதற வேண்டும் என்று தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல உதறினாள்.